ஆறாவது விரல்

இன்று காலை நோய்க்குறியியல் அறையைத் தாண்டும்போது கதவு திறந்திருந்தது. உறுப்புகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாசனை மூக்கில் ஏறிக் கண் கரித்தது. அதன் பின்னாலேயே நீ நினைவில் வந்தாய். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கும்போது உன் தலையில் மல்லிகை மணக்கும். மாலையில் திரும்பும்போது இந்த வாசனைதான். பஸ்ஸில் பக்கத்து சீட் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது என்பாய். அதில் உனக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நாம் இருவரும் படித்தது ஒன்றைத்தான்: குழந்தைகள் ஏன் குறையோடு பிறக்கின்றன என்பதை. நான் கருவிலிருப்பவற்றை ஸ்கேனில் பார்த்தேன். நீ பிழைக்காதவற்றை அந்த அறையில் பார்த்தாய்.

வாசனையோடு செல்வியின் நினைவும் வந்தது. திருவெள்ளறைப் பக்கம், விவசாயக் குடும்பம். அத்தை மகன் முருகேசனையே கட்டிக்கொண்டவள். அவளுடைய முதல் குழந்தை பிறந்த சற்று நேரத்தில் இறந்தது. பின்மண்டையில் தோல் மூடிய ஒரு பை இருந்தது. கிரகணத்தன்று அவள் மாங்காய் நறுக்கியதால் வந்த வினை என்று, இப்போது மாமியாராகிவிட்ட அத்தை வார்டிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி மறுக்கவில்லை. நறுக்கியது உண்மைதானே.

பை மட்டும் என்றால் அடுத்த கர்ப்பத்துக்கென்று ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பியிருப்போம். நீதான் குழந்தையின் மூடியிருந்த கைகளை விரித்து, சுண்டு விரலை ஒட்டி ஆறாவதாக ஒரு சிறு விரல் இருப்பதைக் காட்டினாய். வயிறும் புடைத்திருந்தது. சிறுநீரகங்களைப் பார்க்காமல் விடக்கூடாது என்றாய். பார்க்க வேண்டுமானால் உடலைத் திறக்க வேண்டும்.

முருகேசன் சம்மதிக்கவில்லை. நான் இரண்டு முறை விளக்கிவிட்டுத் திரும்பினேன். நீ போய் அவனோடு பெஞ்சில் உட்கார்ந்தாய். கடைசியில் அவன்தான் கேட்டான்.

"கிழிச்சுப் பாத்து என்னங்க ஆகப்போவுது?"

"இந்தக் குழந்தைக்கு ஒன்னும் ஆகாதுங்க. அடுத்ததுக்கு ஆகும். பொழுது சாயறதுக்குள்ள நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

சொன்னபடியே கொடுத்தாய். தையல் தெரியாமல் உடுத்தி, தலையை வெள்ளைத் துணியால் சுற்றி, முதலில் செல்வியிடம்தான் எடுத்துப் போனாய். பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் அவளைத் தடுத்து வைத்திருந்தார்கள். முகம் நன்றாக இருக்கிறது, பார்க்கிறாயா என்று கேட்டாய். அவள் பார்த்தாள்.

இரண்டு சிறுநீரகங்களும் நீர்க்கட்டிகள் நிறைந்து வீங்கியிருந்தன. பை, விரல், சிறுநீரகம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நோயின் பெயர் உறுதியாகிவிடும். தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதான மரபணுவைக் கொடுத்தால்தான் அது வரும். ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முடிவு சொன்ன நாளில் அத்தையும் வந்திருந்தார். அப்படியென்றால் குறை எங்கள் வம்சத்திலா என்று கேட்டார். நீதான் பதில் சொன்னாய்.

"குறைன்னு சொல்லாதீங்கம்மா. எல்லார் உடம்புலயும் இப்படி ஏதாவது ஒன்னு ரெண்டு இருக்கும். சொந்தத்துல கட்டினதால ரெண்டு பேருக்கும் ஒன்னே அமைஞ்சுபோச்சு. மாங்காய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

செல்வி காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அத்தை யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அவளைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார்.

அடுத்த கர்ப்பத்தில் மூன்றாம் மாதம் முடிந்ததும் நான் ஸ்கேன் செய்தேன். ஒருநாளும் ஸ்கேன் அறைக்கு வராத நீ அன்று கதவருகே வந்து நின்றாய். தலை முழுமையாக இருந்தது. பிறகு எடுத்த ஸ்கேனில் சிறுநீரகங்களும் நன்றாக இருந்தன. பெண் குழந்தை பிறந்தபோது அத்தையே கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார். பழக்கமில்லாமல் நீ தூக்கிய விதத்தைப் பார்த்து நர்ஸ்கள் சிரித்தார்கள். நீ குழந்தையின் கையை விரித்துக்கொண்டிருந்தாய்.

"நாங்க எண்ணிட்டோம் டாக்டர். சரியா இருக்கு" என்றார் அத்தை.

உன் கடைசி மாதங்களில், ஸ்ரீரங்கத்தில் நீ நோயில் கிடந்த வடக்குச் சித்திரை வீதி வீட்டில், நான் வரும்போதெல்லாம் இன்று என்ன கேஸ் வந்தது என்று கேட்பாய். உன் வலியைப் பற்றிப் பேச விடமாட்டாய். ஒருநாள் எந்தப் பெயருக்கும் அடங்காத ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னேன். பெற்றவர்களிடம் என்ன சொல்வது என்று புரியவில்லை என்றேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நீயா ஒரு கதை கட்டாத. கதை கட்ட அவங்க வீட்லயே ஆள் இருக்கு."

நீ இல்லாமல் இந்த வேலை நடக்கத்தான் செய்கிறது. போன வாரம் லால்குடியிலிருந்து குழந்தையை இழந்த ஒரு தம்பதி வந்தார்கள். எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அந்தப் பெண் தலை குனிந்தபடி இருந்தாள். கணவன்தான் கேட்டான்.

"அப்ப இவ மேல தப்பு இல்லதானேங்க?"

"இல்லை. அது மட்டும் நல்லாத் தெரியும்" என்றேன்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.