இருபது நாள்

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொன்னால் நடுவில் எதையாவது சொல்லிச் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

மூன்று வருடமாக ஆய்வகத்தில் எலிகளோடு மாரடித்ததற்கு ஒரு முடிவு வந்திருக்கிறது. சிறுநீர்ப்பையில் பாக்டீரியா தொற்று வந்த எலிகளில் பாதிக்கு மறுநாளே மருந்து கொடுத்தோம். மீதிக்கு நான்கு வாரம் கழித்துக் கொடுத்தோம். எல்லாமே குணமாயின. சில மாதம் விட்டு அதே கிருமியை மறுபடி செலுத்தினோம். சீக்கிரம் மருந்து பெற்றவை இரண்டே நாளில் சமாளித்துவிட்டன. தாமதமாகப் பெற்றவை படுத்துவிட்டன. அவற்றின் சிறுநீர்ப்பைச் சுவரே மாறிப்போயிருந்தது. கிருமியை விரட்ட வரும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அளவுக்கு மீறிப் பாய்ந்து, சுவரையும் சேர்த்துப் புண்ணாக்குகின்றன. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டுக் கதவை உடைத்த மாதிரி.

மனிதருக்கும் இப்படி நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் விவரம் கேட்கிறோம். உனக்கும் நான்கு வருடமாக வந்துகொண்டே இருக்கிறதே. படிவம் இணைத்திருக்கிறேன், பத்துக் கேள்விகள்தான். சௌகரியப்பட்டபோது நிரப்பி அனுப்பு. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

ஆராய்ச்சிக்கார அக்காவுக்கு,

டோல்கேட் கூண்டில் உட்கார்ந்து, லாரிகளுக்கு நடுவே படிவத்தை நிரப்பினேன். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். போன வாரமும் காய்ச்சலோடு எரிச்சல் வந்தது. லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறார். மாமியார், "சுத்தபத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வருது?" என்கிறார். இரண்டு வேளை குளிப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது.

உன் எட்டாவது கேள்வியைப் பார்த்தேன். முதல் தொற்றுக்கு எத்தனை நாள் கழித்து மருந்து எடுத்தீர்கள், தாமதத்துக்கு என்ன காரணம்? இருபது நாள் என்று எழுதினேன். காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிறகு உள்ளதையே எழுதினேன்: அக்கா காத்திருக்கச் சொன்னாள்.

"மிட்டாய் மாதிரி ஆன்டிபயாடிக்கை முழுங்காதடி, கிருமிக்கு மருந்து பழகிடும். தண்ணி குடி, உடம்பே பாத்துக்கும்." நாலு தடவை போன் பண்ணினேன், நாலு தடவையும் இதையேதான் சொன்னாய். நீ படித்தவள், நான் நம்பினேன். இருபத்தோராம் நாள் குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இவ்வளவு நாளும் என் உடம்புதான் லாயக்கில்லாதது என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எலிக் கதை முழுக்க இருக்கிறது, அந்தப் போனைப் பற்றி ஒரு வரி இல்லை. உனக்கு மறந்துவிட்டதா, இல்லை மறந்த மாதிரி இருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

தங்கை


மார்ச் 26

வாலு,

மறக்கவில்லை. முடிவைக் கணினியில் பார்த்த அன்றே உன் நினைவுதான் வந்தது. சொல்லத் துணிவில்லாமல் படிவத்தை அனுப்பினேன். அந்தக் கேள்வியைப் படித்து நீயாகவே புரிந்துகொண்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். கோழைத்தனம்தான்.

நான் டாக்டர் இல்லை. உடனே பரிசோதனைக்குப் போ என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமிகளையே பார்த்துப் பார்த்து, என் பயத்தை உன் தலையில் கட்டிவிட்டேன். உன் நோய்க்கு அந்த இருபது நாள்தான் காரணம் என்று எலிகளை வைத்து என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. காத்திருக்கச் சொன்னது தப்பு, அது என் தப்பு. என்னை மன்னித்துவிடு.

உன் படிவத்தை ஆய்வில் சேர்க்கவில்லை. சொந்தத் தங்கையின் விவரத்தை நான் கேட்டிருக்கவே கூடாது. ஆய்வக இயக்குநரிடம் காரணத்தைச் சொல்லித் திருப்பி வாங்கிவிட்டேன். உன் மாமியாரிடம் நானே பேசட்டுமா? உன் சுத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

மாமியாரிடம் நீ பேச வேண்டாம். உன் கடிதத்தையே படிக்கக் கொடுத்துவிட்டேன். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்.

என் கோபம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நான்கு வருடம், எத்தனை லீவு, எத்தனை ஊசி. சில நாள் உன்னை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. சில நாள், நான் எப்போது போன் பண்ணினாலும் முதல் மணியிலேயே எடுப்பவள் நீ ஒருத்திதான் என்பதும் நினைவுக்கு வருகிறது.

நேற்று மறுபடி எரிச்சல். பழக்கதோஷம், உனக்குப் போன் பண்ணக் கை போனது. பண்ணவில்லை. நேராக டாக்டரிடம் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மாத்திரையோடு வந்தேன். இனி உடம்பு விஷயம் எதையும் உன்னிடம் கேட்கப் போவதில்லை. மற்றதெல்லாம் கேட்பேன்.

இது அடங்கியதும், பதினெட்டாம் தேதி சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு அன்று லீவு கிடைக்காது. நீ வா. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் பையைப் பிடித்துக்கொள். டாக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

உன்
வாலு