ஆற்றில் இல்லாத நீர்நாய்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கடவுள் கருணையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் தூங்கி எழுந்திருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கண்ணை மூடி உட்காரும்போதெல்லாம் முதல் வேண்டுதல் உனக்குத்தான். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல மாட்டார், மாடிப்படி ஏறும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார், அதை வைத்து நானே தெரிந்துகொள்வேன். சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது, தானே சரிசெய்கிறேன் என்று சாமானெல்லாம் பரப்பி வைத்து இன்றோடு ஐந்து நாள். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஒன்று சொன்னேன் அல்லவா, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நீ சிரித்து மழுப்புவாய், நான் அழுதுவிடுவேன், கடைசியில் என்ன சாப்பிட்டாய் என்பதில் போய் முடியும்.

அந்த ஆற்றங்கரையில் இரண்டு வருடம் நீர்நாய் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றாய், முப்பதாம் தேதிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும், ஒன்றும் இல்லை என்று கொடுத்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள், நீ வேலை இல்லாமல் வீட்டுக்கு வர வேண்டியதுதான் என்றாய். உன் மேலதிகாரி, இரண்டு இடத்தில் பார்த்ததாக எழுதிவிடு, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்கிறார் என்றும் சொன்னாய். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், ரெண்டுதானே, பெரியவரே சொல்றார், எழுதிட்டுப் போயேன் என்றேன். நீ சரிம்மா என்றாய். அந்தச் சரிம்மாவில் உன் குரல் இறங்கியது எனக்குக் கேட்டது, கேட்டும் கேட்காதது மாதிரி போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். உன் சித்தி தன் கல்லூரி மாணவிகளை மூன்று நாள் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள் அல்லவா, கல்விச் சஃபாரி என்று, அதற்குத் துணையாகப் போகும் விடுதிக் காப்பாளருக்குக் கடைசி நேரத்தில் கால் சுளுக்கிக்கொண்டது. பெரிய மனுஷி ஒருத்தி கூட இல்லாமல் பதினான்கு பெண்களை அனுப்ப மாட்டோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள், அக்கா நீ வந்து சும்மா உட்கார்ந்தால் போதும் என்று சித்தி கெஞ்சினாள். எனக்கும் ஆசைதான், நீ செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று. அப்பாவுக்கு மூன்று நாள் குழம்பு வைத்துவிட்டு புதன்கிழமை கிளம்பினேன்.

சும்மா உட்கார விட்டாளா உன் சித்தி. அந்தக் காட்டிலும் ஒரு ஆறு, அதை ஒட்டி ஒரு மரப் பரண் இருக்கிறது, அதில் ஆறாறு பேராக மாறி மாறி உட்கார்ந்து காலை இரண்டு மணி நேரம் மாலை இரண்டு மணி நேரம் தண்ணீரையே பார்க்க வேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை நீர்நாய் தெரிந்ததா இல்லையா என்று ஒரு தாளில் எழுத வேண்டும். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது என்று அந்தத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் பால் வந்த நாள், சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் இத்தனை வருடம் எழுதி வைக்கிறவள் ஆயிற்றே, பெருமையாகத்தான் இருந்தது. நீர்நாய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் மீதியை உன் பாடப்புத்தகங்களை வைத்துத்தானே படித்துக்கொண்டேன். முதல் நாள் மாலை உதட்டுக்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தச் சத்தத்துக்கே கொக்கு பறந்துவிட்டது. அக்கா, சாமிக்கு எப்பவோ கேட்டாச்சு, வாயை மூடு என்று எல்லாப் பெண்களுக்கும் எதிரே சித்தி அதட்டினாள். சின்ன வயதில் நான் அதட்டியதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு மூட்டம் என்று பட்டப்பெயர். அவள் ஏறிய ஜீப்புக்கு எதிரே மட்டும் மான்கூட வராதாம், வானம் மூடிக்கொண்டது மாதிரி எல்லாம் மறைந்துவிடுமாம். போன வருடமும் அப்படித்தானாம். முன்னால் போன ஜீப்பில் இருந்தவர்கள் கரடியின் முதுகைப் பார்த்துவிட்டு வந்து, நல்லவேளை மூட்டம் எங்க வண்டியில இல்ல என்று சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரித்துவிட்டு ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள், அவிழாத கயிறு. நீ ஹாஸ்டலில் இருந்து வரும்போதெல்லாம் எல்லாம் நல்லா இருக்கும்மா என்பாயே, அந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் மாலை பரணில் அவள் முறை. அதுவரை பத்து வரி எழுதியிருந்தேன், பத்தும் இல்லை. ஐந்தரை மணிக்கு அவள் என் முந்தானையை மெதுவாக இழுத்து, ஆன்ட்டி, அங்க பாருங்க, வட்டத் தலை என்றாள். பார்த்தேன். கரையோரம் பாதி முங்கிய மரக்கட்டை, நான் முன்தினத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற கட்டை, தண்ணீர் அசைந்ததில் அதுவும் அசைந்தது. அவள் ஆற்றைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நீர்நாய் ஒன்று என்று எழுதினேன், பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயரையும் எழுதினேன். இறங்கி வரும்போது மற்ற பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். நல்ல காரியம் செய்தோம் என்றுதான் நினைத்தேன், கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன், அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அந்த ஆற்றில் ஆறு வருடமாக வேலை செய்கிற ஆராய்ச்சிக்காரர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார், கழுத்து நீளம் என்பதால் பெண்கள் வைத்த பெயர் ஒட்டகச்சிவிங்கி. அவர் தாளை வாங்கிப் பார்த்தார், வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றை நோக்கி ஓடினார். திரும்பி வந்தபோது இடுப்பு வரைக்கும் ஈரம், கால் தடமோ எச்சமோ ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்களும் பார்த்தீங்களாம்மா என்று என்னிடம் கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன், அவர் ஆசையாகக் கேட்டார். ஆறு வரும் வழியில், மேலே, கழிவுத் தண்ணீரை ஆற்றில் விடுகிற ஒரு சாய ஆலை இருக்கிறதாம், ஆறு நன்றாகத்தான் இருக்கிறது, எல்லா உயிரும் இருக்கிறது என்று ஆலைக்காரர்கள் சாதிக்கிறார்களாம். "இந்த ஆத்துல நீர்நாய் இல்லைங்கிறதுதான்மா ஆறு வருஷமா எங்க கையில இருக்கிற ஒரே சாட்சி. ஒண்ணு இருக்குன்னு ஆயிட்டா எனக்குச் சந்தோஷம்தான், ஆனா அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும். அதனாலதான் கேக்கறேன்" என்றார்.

கையில் டீ இருந்தது, அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எனக்கு வாய் வந்தது. நான் பார்க்கவில்லை, அது கட்டை, அந்தப் பெண்ணின் முகத்துக்காக எழுதினேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார், நனையாத தலையை. உன் சித்திதான், வராத பாலை வந்துச்சுன்னு உன் நோட்டுல ஒரு நாளாவது எழுதுவியாக்கா என்று கேட்டாள். பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

அந்தப் பெண்ணிடம் சொல்லும் வேலையை நான் யாருக்கும் விடவில்லை, நானே போய்ச் சொன்னேன். கதவுத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துத் தள்ளினாள். "கட்டைன்னு எனக்கும் தெரியும் ஆன்ட்டி. நீங்க எழுதினதும் பயந்துட்டேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். மறுநாள் காலை, அவள் முறை இல்லாவிட்டாலும் பரணுக்கு வந்து, தாளைக் கொடுங்க என்று வாங்கிக்கொண்டாள். நான்கு தடவை இல்லை என்று தன் கையால் எழுதினாள், நேரத்தை நிமிடத்தோடு போட்டாள். இனிமே மூட்டத்தைத்தான் எழுதச் சொல்லணும், இவ வந்தா இல்லைங்கிறது நிச்சயம் என்று யாரோ சொன்னார்கள், இந்தத் தடவை அவள் நிஜமாகவே சிரித்தாள்.

பாப்பா, நான் ஒரு வரிக்கு இந்தப் பாடு பட்டேன். உன்னை இரண்டு வரி எழுதச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீ இரண்டு வருடம் குளிரிலும் மழையிலும் உட்கார்ந்து இல்லை இல்லை என்று எழுதியிருக்கிறாய், அதை வெறும் தாள் என்று நினைத்தது என் அறியாமை. நான் சொன்னதைத் தள்ளிவிடு. இருக்கிறபடியே அனுப்பு, அதற்கு என்ன வந்தாலும் வரட்டும். முப்பதாம் தேதியை விட்டுவிடாதே, அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முகம் கழுவி ஒரு நிமிடம் பிரார்த்தனை செய்துகொள். நான் அடித்து எழுதிய தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், மொத்தம் பதினாறு வரி.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் ஊரா நாய் தேடப் போறா என்று நீ கிளம்பிய அன்று சொன்ன மனுஷர் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். குழாய் சாவியைக் கீழே வைத்துவிட்டு, இல்லாததை இருக்குன்னு என் பொண்ணு எதுக்கு எழுதணும் என்றார், அவ்வளவுதான். பிறகு மாடிக்குப் போனார். நீ போனதிலிருந்து உன் அறையில் அடைத்து வைத்திருந்தாரே தன் பழைய லேத்துப் பட்டறைச் சாமான் பெட்டிகள், அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கினார். நான்கு நடை. நான்கு நடையும் பேசவே இல்லை.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும், கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ.

உன் அறையின் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்து எழுதும்,
அம்மா