இந்திரனின் பெயர் வராத மொழிபெயர்ப்பு

அக்கா,

நேற்று உங்கள் பெயருக்கு அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லாப் படிவங்களிலும் தொடர்பு முகவரியாக நீங்கள் கொடுத்திருந்தது களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் வீட்டு முகவரியைத்தானே. காணாமல் போன உங்கள் பிள்ளைகள் இருவர் பற்றிய விசாரணைக்கு மூலப் பத்திரங்களுடன் நேரில் வர வேண்டுமாம். வராவிட்டால் கோப்பு மூடப்படுமாம். நீங்கள் இறந்து ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்துவிட்டன. கடிதத்திலிருந்த எண்ணுக்கு அழைத்தேன்.

“அவ செத்துப் போயிட்டா,” என்றேன்.

“அப்ப டெத் சேர்டிபிகேட்டைக் கொண்டு வாங்க மிஸ்,” என்றார் அங்கிருந்தவர் சாவகாசமாக.

பிள்ளைகளுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று எத்தனை பேர் உங்களிடம் வந்தார்கள்! “புள்ளையைக் காட்டுங்க, பொறகு கடதாசியைத் தாங்க,” என்று அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினீர்கள். கடைசியில் உங்கள் சாவையே அவர்களுக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தொலைபேசியை அறைந்து வைத்தேன். அந்தக் கோபம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

உங்களை முதலில் கண்டது நகரத்துப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்திருந்தது. ஆங்கில ஆசிரியை என்பதால் என்னை மொழிபெயர்க்க அழைத்திருந்தார்கள். நீங்கள் கரடியனாற்றுக் கிராமத்திலிருந்து வந்திருந்தீர்கள். “கெதியாக் கேளுங்க, எருமை கறக்கப் போகணும்,” என்றுதான் உட்கார்ந்தீர்கள். மூத்தவன் தவராசாவை வயலுக்குப் போகும் வழியில் நடந்த சுற்றிவளைப்பில் அரசாங்கச் சீருடைக்காரர் ஏற்றிப்போனார்கள். அடுத்த வருடம் இளையவன் இந்திரனைப் பள்ளிக்கூட உடுப்போடு, சண்டைக்கு ஆள் சேர்க்க வந்த இயக்கம் கொண்டுபோனது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். படிவத்தில் ‘கொண்டுசென்றவர் யார்’ என்ற இடத்தில் ஒரேயொரு கோடுதான் இருந்தது. வந்திருந்த வெள்ளைக்காரப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு வந்த குழுக்களும் அப்படித்தான். ஒரு கூட்டத்துக்குத் தவராசா மட்டும் வேண்டும். இன்னொரு கூட்டத்துக்கு இந்திரன் மட்டும் வேண்டும். மற்றப் பிள்ளையின் கதையைத் தொடங்கியதும் எல்லோருக்கும் நேரம் போய்விடும்.

பிறகு அந்த வெளிநாட்டுப் பயணம் வந்தது. பெரிய மண்டபத்தில் சாட்சி சொல்ல உங்களுக்கு மூன்று நிமிடம். ஏற்பாடு செய்தவர் அங்கேயே குடியேறிய நம்மவர், யாழ்ப்பாணத்துக்காரர். கூட்டத்துக்கு முன் உங்கள் பக்கத்தில் குனிந்து, “அம்மா, சின்னவற்ற கதை இஞ்ச வேண்டாம். அரசாங்க ஆக்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு மற்றதை இல்லாமல் பண்ணிப்போடுவினம்,” என்றார்.

“அவனையும் நான்தான் பெத்த,” என்றீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக நானும் நினைத்தேன். நீங்கள் இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் பேசினீர்கள். நான் ஒருவனைப் பற்றி மட்டும் மொழிபெயர்த்தேன். கை தட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

“இந்திரன் எண்டு நான் மூணு தரம் சொன்னன் புள்ள. எனக்கு இங்கிலீசு விளங்காது. என்ட புள்ளைட பேரு விளங்கும். ஒருக்காவும் வரல்லையே?”

“மூணு நிமிசந்தான் தந்தவங்க அக்கா...”

“அவன்ட பேரைச் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்?”

விமானத்தில் என்னோடு பேசவேயில்லை. வந்த பிறகும் பல மாதம் பேசவில்லை. வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு ஒருநாள் கூப்பிட்டீர்கள். கரடியனாற்றுக்கு வந்தேன். முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு, “எல்லாத்தையும் இங்கிலீசில எழுது. எழுதிட்டுச் சத்தமா வாசி,” என்றீர்கள். வாசித்தேன். ஆங்கிலம் முழுவதும் அசையாமல் இருந்துவிட்டு, பெயர் வந்த இடங்களில் மட்டும் தலையாட்டினீர்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பிரதி எடுத்து, வந்தவர் போனவர் எல்லோருக்கும் கொடுத்தீர்கள்.

என்ன நடந்தது? அழைப்புகள் நின்றன. ஊரில் சிலர் துரோகி என்றார்கள். ஒரு பத்திரிகை இந்திரனைப் பற்றிய பாதியை மட்டும் வெட்டியெடுத்து, உங்கள் படத்தோடு போட்டது. அதைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, “மூத்தவன் எங்க?” என்று என்னிடம் கேட்டீர்கள், நானே அச்சடித்த மாதிரி. அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒருத்தனை விட்டிருந்தா மத்தவனுக்காவது நீதி கிடைச்சிரிக்கும் அக்கா! நீங்க விடமாட்டன் எண்டு நிண்டு, இப்ப ரெண்டும் இல்ல!”

நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். பிறகு, “ஆரை விடச் சொல்றாய்? நீயே சொல்லு, நான் விடுறன்,” என்றீர்கள்.

பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்காகவும் எனக்கு உங்களில் கோபம்தான். நெஞ்சு நோகிறது என்பதை எவருக்கும் சொல்லாமல் இருந்ததற்கும் கோபம்தான். செத்த வீட்டுக்கு உங்கள் தங்கையின் குடும்பமும் அயலவரும் நானும் வந்தோம். உங்கள் கதையை எழுதிப்போன ஒருவரும் வரவில்லை.

இப்போது மொழிபெயர்க்கப் போனால், எதிரில் இருப்பவர் சொல்லும் பெயர்களை முதலில் ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்கிறேன். என் வாயால் ஆங்கிலத்தில் சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக வெட்டுவேன். இதனால் இரண்டு இடங்களில் என்னை இனிக் கூப்பிடுவதில்லை. போகட்டும்.

போன மாதம் ஒரு குழு வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தா. கணவன், தம்பி, மகள் என்று மூன்று பெயர்கள். மூவரையும் கொண்டுபோனது ஒரே ஆட்கள் இல்லை. இரண்டாவது பெயரிலேயே ஒருங்கிணைப்பாளர் மணிக்கூட்டைக் காட்டினார். மூன்றாவது பெயரை நான் சொன்னதும், குழுவில் வந்திருந்த வெளிநாட்டவர் மெல்லிய குரலில், இது இங்கே அவசியமா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இப்படிப்பட்ட கேள்விகளை இத்தனை வருடமும் நானே விழுங்கிவந்தேன். அன்று அந்தப் பெண்ணிடம் திரும்பி அப்படியே தமிழில் சொன்னேன்.

“உங்கட மகள்ட கதை இங்க அவசியமா எண்டு கேக்கிறார்.”

அவ அவரைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்க சொல்லுங்க, ஒரு சொல்லும் விடாமச் சொல்லுறன்.”

அவ கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, மகள் பிறந்த நாளிலிருந்து தொடங்கினா. நானும் தொடங்கினேன்.