அப்பா தானே எழுதிய பரீட்சை

காலடிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் மகிழினிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் அந்தப் போலந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெம்பில்லை. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் மூன்றாவது வார்த்தைக்குப் போவதற்குள் “நான் பாத்துக்கறேன்ப்பா” என்று முடித்துவிடுகிறாய். நீ பார்த்துக்கொள்ளக் கூடாத ஒரு விஷயம் இது, அதனால் காகிதத்தில் எழுதி, எதிர்வீட்டு லுப்னாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

எங்கள் கண்டெய்னர் கிடங்கில் போன மாதம் பெரிய புரட்சி நடந்தது. மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்விட்டு, டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டியையும் ஒரு திரையையும் வைத்தார்கள். புரோகிராம் எல்லாம் வேறு ஊரில் ஒரு பெரிய மெஷினில் இருக்குமாம், நாங்கள் இங்கிருந்து பெயரைப் போட்டு அதற்குள் போய் வேலை செய்ய வேண்டுமாம். மேனேஜர் கேக் வெட்டி, இனி உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட் பாஸ் போடலாம் என்று பேசினார். லாரி மட்டும் எந்த மூலைக்கும் வராது, எண்ணூர் சாலை வழியாக எங்கள் கேட்டுக்குத்தான் வரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கேக் நன்றாகவே இருந்தது. தலைமை ஆபீசிலிருந்து ஷிஜி மேடம் வந்து மூன்று நாள் பாடம் நடத்தினார், மொத்தம் அறுபத்திரண்டு ஸ்லைடு. அந்த மாதக் கடைசியில் ஒரு பரீட்சை, இருபத்தைந்து கேள்வி, நூற்றுக்கு அறுபது வாங்கினால் தேர்ச்சி. தேறாதவருக்குக் கேட் ஆபீசில் நாற்காலி கிடையாது, வெட்டவெளி யார்டில் நின்று கண்டெய்னர் பெட்டிகளின் சீல் பார்க்க வேண்டும். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கும் எனக்கு இந்த முழங்காலோடு அது என்ன தண்டனை என்று உனக்குத் தெரியும். பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று வேறு பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். உடனே என் இருபது வருட தோஸ்து வில்சன் தன் பெங்களூர் மருமகனை ஏற்பாடு செய்துவிட்டான், மருமகன் அங்கிருந்தபடியே இவன் கம்ப்யூட்டருக்குள் வந்து எழுதிவிடுவாராம். “இன்னா மாமு யோசிச்சிகினு கீற, நம்பர உன் பொண்ணான்ட குடுத்துட்டு கம்முனு குந்து” என்று எனக்கும் புத்தி சொன்னான். நீயும் அதையேதான் சொன்னாய், திரையில் வரும் எண்ணை மட்டும் அனுப்புங்கள் அப்பா, நான் உள்ளே வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன் என்று. நானும் சரி என்றுதான் சொன்னேன், பொய் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் நடந்ததைக் கேள். திங்கட்கிழமை மதிய ஷிப்டில் நாங்கள் ஆறு பேர் புது முறையில் வேலையைத் தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஆறு பேர்தானே உட்காருவார்கள், மெஷினுக்குள் பன்னிரண்டு பேருக்கு இடம் வாங்கினால் தாராளம் என்று மேனேஜர் கணக்குப் போட்டிருந்தார். எங்கள் கேட்டின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ஷிப்டு முடிந்து போகிறவன் நோட்டை மூட மாட்டான், பேனாவை நடுவில் வைத்துத் திறந்தபடியே விட்டுப் போவான், வருகிறவன் அடுத்த வரியில் தொடங்குவான். நோட்டை மூடிவிட்டுப் போகிறவன் வேலையை விட்டுப் போகிறவன். அதே மரியாதையோடு திரையிலும் யாரும் வெளியேறு என்பதை அழுத்தவில்லை, மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்து இரவு ஷிப்டுக்கு வந்த ஆறு பேரும் அப்படியே செய்தார்கள். செவ்வாய்க் காலை வில்சன் போன் செய்து, “ஒருத்தனும் உள்ள போவ முடில மாமு, பேஜாரா கீது, சீக்கிரம் வா” என்றான். ஷேர் ஆட்டோவில் போனால் டிரெய்லர் லாரிகள் எர்ணாவூர் வரை வரிசையாக நிற்கின்றன. உள்ளே மேனேஜரும் தலைமை ஆபீசின் பதினொரு பெரிய மனிதர்களும் திரையில் முகம் காட்டி, இன்னும் பெரிய மெஷின் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்று செய்தி வருகிறது, ஆபீசில் பார்த்தால் ஆறு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நான் என் பெயரைப் போட்டேன், உடனே திறந்தது. முந்தின நாள் நான் பாதி அடித்து விட்ட பெட்டி எண் அப்படியே நின்றுகொண்டிருந்தது. “நீ மட்டும் எப்டி மாமு போன?” என்று வில்சன் கேட்டான். நான் போகவேயில்லை, நேற்றிலிருந்து உள்ளேதான் இருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் மெஷினுக்குள் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தோம். ஷிஜி மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். ஐந்து நிமிடத்தில் அங்கிருந்தே எல்லோரையும் வெளியேற்றினார், கேட் திறந்தது. போகும்போது வெளியேறு என்பதை அழுத்த வேண்டும் என்பது ஐம்பத்தேழாவது ஸ்லைடில் இருந்ததாம், சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் தாண்டிவிட்டாராம். பாவம், அவரே இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார், அந்தப் பதினொரு பேரும் ஒவ்வொருவராகத் திரையை அணைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன் மகிழு. ஐம்பத்தேழு வயதில் எனக்கு ஒன்று புரிந்தது, அதை யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் வியாழக்கிழமை நீ எண் கேட்டு எட்டு முறை செய்தி அனுப்பியும் போனை அரிசி டப்பாவில் போட்டுவிட்டு நானே உட்கார்ந்து எழுதினேன். உன் அம்மா, “அந்தப் பொண்ணு அம்மாந்தூரத்துல முயிச்சிகினு கீது, நீ இன்னாத்துக்கு ரோசம் பாக்குற?” என்று கத்தினாள். ஐம்பத்தாறு வாங்கினேன். ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது. இந்த முறையால் ஊழியருக்குக் கிடைக்கும் முதன்மையான நன்மை எது என்று கேட்டிருந்தார்கள். எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்பதுதான் விடையாம், நான் கேட்டில் நிற்கும் லாரியை நினைத்து “இவற்றில் எதுவுமில்லை” என்று போட்டேன். வில்சனுக்குத் தொண்ணூற்றாறு. அவனைக் கேட் ஆபீசின் சிஸ்டம் பொறுப்பாளர் ஆக்கிச் சட்டையில் ஒரு பேட்ஜும் குத்திவிட்டார்கள். நேற்று யார்டில் எனக்கு முதல் நாள், ஒன்பது முறை போன் செய்தான். நான் வெயிலில் பெட்டிகளுக்கு நடுவே நின்று எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கிடங்கில் தூரத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரே ஆள் இப்போது நான்தான். சிரிப்பாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து காலை நீட்டியபோது அழுகையும் வந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

டிசம்பர் பதினெட்டாம் தேதி மறுபடி எழுதலாம் என்று ஷிஜி மேடம் சண்டை போட்டு அனுமதி வாங்கித் தந்திருக்கிறார். இந்த முறையும் எண் கேட்காதே, தர மாட்டேன். மூன்று வருடமாக எங்கள் டிவி, கேஸ் சிலிண்டர் பதிவு, உன் அம்மாவின் மருந்து எல்லாவற்றையும் நீ அங்கிருந்தே பார்த்துக்கொண்டாய், அதில் குறையே இல்லை, குறை இல்லாததால்தான் நீ இங்கே வருவதற்குக் காரணமும் இல்லாமல் போனது. இப்போது அப்பா தோற்றுவிட்டேன். வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடு, நான் எழுதிக்கொள்கிறேன்.

குளிருக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள், லீவுக்கு இன்றைக்கே எழுதிக்கொடு. நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அப்பா,
அசோகன்.