ரொட்டிக்கடை மாடியில் வில்மா

மே 12
குடிவந்தாயிற்று. வீட்டுக்காரர் ஹினெக்கின் ரொட்டிக்கடைக்கு நேர் மேலே. அடுப்பின் புகைபோக்கி என் அறைச் சுவர் வழியாக ஏறிப்போகிறது. கை வைத்தால் சுடுகிறது. ஓலொமோட்ஸ் ஊரில், குளிர் இன்னும் விடாத இந்த மாதத்தில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே டிராம் ஓட்டுநர் நான்தான்! என் மலைப்பாம்புகள் வில்மாவுக்கும் ஓட்டோவுக்கும் இதைவிட என்ன வேண்டும்? கண்ணாடிப் பெட்டிகளை அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தேன். அடியிலுள்ள மின்சாரச் சூட்டு விரிப்புக்கு வேலையே இல்லை.

மே 15
வில்மா தண்ணீர்ச் சட்டியைச் சுற்றிக்கொண்டே கிடக்கிறாள். எலியைக் காட்டினால் திரும்பவில்லை. குளிர்காலத்தில் ஓட்டோவோடு சேர்த்துவிட்டதிலிருந்து இவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் — இப்போது போய் நோயா?

மிலாடாவுக்குப் போன் போட்டேன். வீடு நிறையப் பாம்பு வளர்ப்பவள்.

"பெட்டியில குளிர்ச்சியான மூலை எத்தனை டிகிரி?"

அளந்தேன். முப்பத்திரண்டு. சூடான மூலையும் அதே முப்பத்திரண்டு.

"அடி லூசு! சூடு தாங்கலன்னா அவ எங்கடி ஒதுங்குவா? நமக்காவது வேர்க்கும். அவளுக்கு எடம் மாறினாத்தான் உண்டு."

அட, ஆமாம்! இரண்டு பெட்டிகளையும் சன்னலோரம் இழுத்துப்போட்டேன். விரிப்பு ஒரு முனையில் மட்டும், அளவு தாண்டாதபடி தெர்மோஸ்டாட்டில். மறுமுனை இருபத்தாறுக்கு இறங்கிவிட்டது.

மே 16
சட்டியை விட்டு எழுந்துவிட்டாள்!!

மே 27
காலையில் பார்த்தால் சூடான முனையில் மல்லாந்து கிடக்கிறாள், வெள்ளை வயிறு மேலே தெரிய. செத்துவிட்டாள் என்று கத்தியேவிட்டேன். படம் அனுப்பினேன். மிலாடா என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள்: "முட்டைடீ! வயித்துல முட்டை! முட்டை இருந்தா சூடான எடத்துல இப்படித்தான் மல்லாந்து கிடப்பாங்க!"

டிராமில் இன்று ஒரு நிறுத்தத்தை மறந்து தாண்டிவிட்டேன்.

ஜூன் 6
அன்று நான் போட்ட அலறல் கீழே கேட்டிருக்கிறது. ஹினெக் இன்று கடையில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா ராட்கா, மேல என்னதான் வளக்கற? ஆமைன்னுதானே சொன்ன?"

"ஊர்வனன்னு சொன்னேன். ஆமைன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க."

"அப்போ?"

சொன்னேன். மனிதர் வெளுத்துப்போனார், முகத்தில் மாவு எது, பயம் எது என்று தெரியவில்லை.

"என் மாவுக்கு மேல பாம்பா! வேற வீடு பாத்துக்கம்மா."

இந்த நிலையில் அவளை எப்படித் தூக்கிக்கொண்டு போவேன்? முட்டை கலங்கிப்போனால்? கெஞ்சினேன். போடுகிற வரைக்குமாவது என்றேன்.

"போட்ட பெறகு?"

"அதை அடைகாக்கப் பெட்டி வாங்கணும். முப்பத்தோரு டிகிரி, ஏறாம இறங்காம. காத்துல நல்ல ஈரம் வேணும்."

"அது என் மாவு பொங்கற சூடாச்சே," என்றார்.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

ஜூன் 8
கதவருகில் ஒரு துருப்பிடித்த அலமாரி! மின்சாரத்தில் சூடும் ஈரமும் காட்டி மாவைப் பொங்கவைக்க அந்தக் காலத்தில் வைத்திருந்ததாம், கொட்டகையில் கிடந்ததாம். மேலே ஹினெக் எழுதிய சீட்டு: 'கதவு ரப்பர் மாத்தியாச்சு. இது திரும்பிக் கடைக்கு வரக் கூடாது.'

வீடு மாறுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 3
ஏழு முட்டை. ஏழு! மாவுருண்டை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. புரட்டாமல் அப்படியே அலமாரிக்குள் வைத்தேன்.

ஜூலை 21
கடைக்குக் கோடை விடுமுறை. அடுப்பு அணைந்தது, மழையும் பிடித்துக்கொண்டது, அறை சில்லிட்டுவிட்டது. அலமாரி அசையவில்லை — முப்பத்தொன்று. பெட்டிகளைச் சன்னலிலிருந்து நகர்த்தி, ஓட்டோவின் விரிப்பையும் முடுக்கிவிட்டேன்.

ஏரிக்கரையிலிருந்து ஹினெக்கின் போன்: "அடுப்ப அணைச்சுட்டு வந்துட்டேனே... குளிருதா அதுங்களுக்கு?"

ஆகஸ்ட் 31
விடிந்ததும் பார்த்தேன், ஒரு முட்டையில் கீறல். கீழே ஓடினேன். "வரீங்களா?" என்றேன். வரமாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டே என் பின்னால் படியேறினார். முதுகைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கீறலிலிருந்து ஈரமான ஒரு மூக்கு நீண்டது. நாக்கு ஒரு முறை வெளியே வந்து போனது.

"ஐயோ... எம்மாத்துண்டு இருக்கு," என்றார். இரண்டடி முன்னால் வந்தார். இன்னும் ஓரடி.

கீழே ரொட்டி கருகும் வாசனை. சொன்னேன்.

"இரும்மா," என்றார்.