இரண்டாம் முறை வீசிய வெள்ளைத் துண்டு

என் அன்பு மதினிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மடுவில் மீன் பிடித்தோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அண்ணன் மாத்திரை போட மறந்தது, ஆடு குட்டி போட்டது என்று எங்கெங்கோ போய்விடுவேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் போன பிறகு பெய்த மழையில் குண்டாற்றில் இரண்டு தடவை தண்ணீர் வந்தது. தடுப்பணைக்கு மேலே நம் மடு பங்குனி முடியும் வரை வற்றவில்லை. ஆற்றுக்குள் இருக்கிற போர்க் கிணறும் ஒரு நாள்கூடத் தண்ணீரில்லாமல் காற்றை இழுக்கவில்லை. நீங்கள் வேலை பார்த்த மோட்டார் ரூமில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். ஊருக்குத் தண்ணீர் திறக்கிற நேரம் மட்டும் நீங்கள் வைத்ததுதான்.

இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். வெளியூர்க்காரர்கள் படித்தாலும் புரிய வேண்டும் என்கிறாள் என் மகள் சுகன்யா. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மடு வற்றி வரும்போது நம் ஊரில் ஒரு நாள் குறிப்பார்கள். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசிவிட்டால் எல்லாருக்கும் பொது. மீன் மேல் கவிழ்த்துப் பிடிக்கிற, அடியில்லாத ஊத்தாக் கூடையோடு வந்த அசலூர்க்காரரைத் திருப்பி அனுப்புவது நமக்குக் கேவலம். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்புதான் வைக்க வேண்டும்.

சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். ஆனால் போன வருடம் நம் பிள்ளைகள் தை மாதமே கொசுவலையைக் கட்டி இழுத்து, விரல் நீளம் வளராத குஞ்சுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் அப்பன்மாருக்கு அபராதம் போடலாம் என்று பேச்சு வந்தது. அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காத நீங்கள் அன்றைக்கு எழுந்தீர்கள்.

"துண்ட இந்தப் பிள்ளைக கையிலயே குடுங்க. வீசப்போறது நாமதான்னு தெரிஞ்சா, அதுவரைக்கும் அதுகளே காக்கும்."

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கொசுவலை இழுத்த அதே பயல்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கரையில் கம்போடு நின்றதைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். அந்த வருடம் கெண்டையெல்லாம் ஒரு சாண் அளவு வளர்ந்தது.

அப்புறம் வந்ததுதான் அந்தக் கூத்து. பெருமை தாங்காமல் சுகன்யா மடுவைப் படம் பிடித்து, தேதியும் சொல்லிப் போனில் போட்டுவிட்டாள். பாலவனத்தம், மல்லாங்கிணறு, காரியாபட்டிப் பக்கமிருந்தெல்லாம் லோடு வண்டி பிடித்து வந்து இறங்கினார்கள். வந்தவரைத் திருப்ப நமக்கு வாய் வருமா? ஒரு மணி நேரத்தில் மடு சேறாகிவிட்டது. குஞ்சு, தாய் மீன் எதுவும் மிஞ்சவில்லை. மிதிபட்டுச் செத்தது நாறி, போர் தண்ணீரும் நாறி, நீங்கள் மோட்டாரை நிறுத்தினீர்கள். ஒரு வாரம் ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது.

மறுபடி கூட்டம். அன்றைக்கு முதலில் எழுந்தவள் நான். செய்தது என் மகள்தான், இனி இதுகள் கையில் துண்டைக் கொடுக்கக் கூடாது என்றேன். நியாயம் பேசுவதாகத்தான் நினைத்தேன். உண்மையில் அது வெட்கம் மதினி. நாலு பேர் என்னைச் சொல்வதற்கு முன்னால் நானே என் மகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சுகன்யா தலை நிமிரவே இல்லை.

நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. "தப்பு பண்ணுனதுகளுக்குத்தான் இப்ப மடுவோட அருமை தெரியும். இன்னொரு தடவ குடுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். கொடுத்தார்கள். ஆனால் இதுதான் கடைசி, இன்னொரு தரம் கெட்டால் பிள்ளைகளுக்கு ஆற்றுப் பக்கமே வேலை இல்லை என்று எழுதி வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி முருங்கைக்காயோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். ஏன் அப்படிப் பேசினாய் என்று கேட்பீர்கள், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். கேட்டிருந்தால்தான் என்ன மதினி?

இந்த வருடம் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். மார்கழி ஞாயிறுகளில் ஆற்றுக்குள் இறங்கி, முளைத்து வந்த கருவேலங்கன்றுகளை வேரோடு பிடுங்கினார்கள். பாட்டில்களை மூட்டை கட்டினார்கள். போனில் ஒரு வார்த்தை போடவில்லை, பக்கத்து இரண்டு ஊருக்கும் சைக்கிளில் போய் வாயால் சொல்லிவிட்டு வந்தார்கள். மடுவுக்குள் இருக்கிற பாறையடிப் பள்ளத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு, அங்கே யாரும் இறங்கக் கூடாது என்றார்கள். பெரியவர்கள் முறைத்தபோது சுகன்யா சொன்னாள், விதைக் கம்பை எடுத்துவைக்காமல் யாராவது கூழ் காய்ச்சுவார்களா, மீனுக்கும் அப்படித்தான் என்று. எனக்கே அந்தப் பேச்சு வராது. அவள் அத்தை உங்களிடம் கற்றதுதானே?

ஞாயிறு காலை அவள்தான் துண்டை வீசினாள். எல்லாரும் இறங்கினோம். வெயில் ஏறுவதற்குள் முள்ளுக்கு இந்தப் பக்கம் மீன் தீர்ந்துவிட்டது. முள்ளுக்கு அந்தப் பக்கம் விரால்கள் புரளும் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. நாலைந்து பேர் போய் முள்ளை இழுத்துப் போட்டார்கள். துண்டு வீசியாயிற்றே, அப்புறம் என்ன தடை என்றார்கள். வீசிய பிறகு தடுக்க நம் வழக்கத்தில் இடமில்லை.

சுகன்யா கரையில் ஓடி வந்து மறுபடியும் துண்டை வீசினாள். இரண்டாவது தடவை வீசினால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியும்? ஒருவன் சிரித்தான். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவளைப் பார்த்தார். அவள் வீசிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குக் கூட்டத்தில் தலை குனிந்தவள் இப்போது என்னையே பார்த்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் ஊத்தாவுக்குள் அப்போது ஒரு விரால் முட்டிக்கொண்டிருந்தது. ஊத்தாவைத் தூக்கினேன். அது போய்விட்டது.

"துண்டு வீசிருச்சு. ஏறுங்க" என்றேன்.

நான்தான் முதலில் ஏறினேன். அடுத்து அண்ணன். பிறகு ஒவ்வொருவராக, முனகிக்கொண்டே வந்தார்கள். முள்ளை இழுத்தவர்களே அதைத் திரும்ப எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசியாக ஏறினார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் இரண்டே கெண்டை. சாப்பிட வந்த அண்ணன், "அவ இருந்தா மொத ஆளா ஏறியிருப்பா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் இருந்தால் நான் ஏறியிருப்பேனா, உங்களுக்கே விட்டிருப்பேனா, தெரியவில்லை. என் மகளை என்னிடமிருந்தே காப்பாற்றிக் கொடுத்தீர்கள். அந்த நன்றியை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துப்பில்லாமல் போயிற்று. இப்போது ஊரறியச் சொல்கிறேன்.

இனி ஊர்க் கூட்டத்தில் பிள்ளைகள் பேச்சு வந்தால் அன்றைக்குப் போலவே முதல் ஆளாக நான்தான் எழுந்திருப்பேன் மதினி. என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கேட்காமலே நீங்கள் மன்னித்த
உங்கள் நாத்தனார்,
வசந்தா