இடப்பக்கம் விட்டகன்ற கேடயம்

நலம் ஓங்குக. மிளகுக்கொடி படரும் மலைகளும் நுரை ததும்பும் துறைகளும் உடைய வெண்ணுரைநாட்டின் அரசமாதா ஆழிநங்கை, கணவாய்க் கோட்டையில் தண்டிறங்கியிருக்கும் தண்டநாயகரும் எம் மகளைக் கைப்பிடித்த மருமகனுமாகிய கோவேள் மருதனார்க்கு விடுக்கும் ஓலை. உம் குதிரைகள் கொழுக்க. உம் கோட்டைக் கிணறு வற்றாதிருக்க. எம் மகள் மாதினியாள் அங்கே மனம் வாடாதிருக்க.

இவ்வோலையை நீர் தனித்துப் படித்து மடித்து வைத்துவிடலாகாது. உம் படைத்தலைவர் கூடிய அவையில் உரக்க வாசிக்கப்படுக. ஆட்டம் அறியாதாரும் அங்கிருப்பர் ஆகையால், நீர் அறிந்ததையும் எடுத்துரைக்கிறோம், பொறுத்துக் கேளும்.

முழுமதி நாள்தோறும் எம் அரண்மனையில் வேடக்களம் கூடும். கதைநடத்துநர் வேட்கோவனார் படத்துணியை விரித்து, இது குகை என்பார், அது பேய் என்பார். அமர்ந்திருப்போர் ஆளுக்கொரு வேடம் பூண்டு, தாம் செய்வது இன்னதென்று வாயால் சொல்லி, அது கைகூடியதா என்பதைப் பகடை உருட்டிக் காண்பர். நீர் கேடயம் தாங்கிய மறவர். எம் அரண்மனை மருத்துவச்சி பொன்னரிக்கு, பூட்டுத் திறக்கும் திருடி வேடம். யாம் வாளும் மந்திரமும் ஒருங்கே பயின்ற இருகலை மறத்தி, பெயர் செந்தீ.

அவ்வேடத்தை யாம் எடுத்த நாளில் நீர் நகைத்தது நினைவிருக்கும். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்றீர். மறவனைப்போல் வெட்டவும் வராது, மந்திரவாதியைப்போல் மலையைப் பெயர்க்கவும் வராது, எதற்கு அத்தை இந்த இரண்டுங்கெட்டான் பிழைப்பு என்றும் கேட்டீர். பொன்னரியோ, இரண்டு அடுப்பில் உலை வைத்தால் ஒன்றாவது கொதிக்காதா என்றாள். யாமும் சிரித்தோம்.

செந்தீக்கு வலக்கை வாளுக்கு. இடக்கை மந்திர முத்திரை பிடிக்க வெறுங்கையாய் இருந்தாக வேண்டும். ஆகவே அவளுக்குக் கேடயம் இல்லை. முத்திரை பிடித்திருக்கையில் அடிபட்டால் பகடை உருட்ட வேண்டும்; பகடை தாழ்ந்தால் மந்திரம் கலையும். இதனால் இருகலையார் போர் புகுமுன், தம் இடப்பக்கம் காக்க ஒருவரைக் கேட்டுப் பெறுவது வேடக்களத்து வழக்கம். யாம் உம்மைக் கேட்டோம். நீர் பகடையைத் தொட்டு, உயிருள்ளவரை அத்தையின் இடப்பக்கம் என் கேடயம் என்றீர்.

சென்ற முழுமதியில் பேய்க்குகையில் சிறைப்பட்ட உப்பளத்து ஊராரை மீட்கப் புகுந்தோம். செந்தீ தீவேலி எழுப்பிப் பேய்ப்படையைத் தடுத்து நின்றாள். வேலியின் இப்புறம், குழந்தைகளை இடுப்பில் சுமந்த பெண்டிர் வாயிலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர். அவ்வேளையில் வேட்கோவனார், மூடிக்கொண்டிருக்கும் கற்கதவுக்கு அப்பால் மின்னல் உறையும் வேல் ஒன்று தெரிகிறது என்றார். உம் கை, படத்துணிமேல் உம் வேடமாய் நின்ற மரப்பாவையின்மேல் போயிற்று. அவர் ஐயுற்று, நகர்கிறீரா தண்டநாயகரே, அரசமாதாவின் இடப்பக்கம் வெறிதாகுமே என்று வினவினார். நீர் இறுத்த விடையை, சொன்னபடியே இவ்வோலையில் பொறிக்கச் சொன்னோம்: அத்தைதான் வாளும் வைத்திருக்கிறார், மந்திரமும் வைத்திருக்கிறார், சமாளித்துக்கொள்வார்.

அம்பு இடப்புறமிருந்து வந்தது. எம் பகடை தாழ விழுந்தது. வேலி அவிந்தது. உப்பளத்தார் ஒருவரும் வாயிலை எட்டவில்லை. செந்தீயும் அவர்களோடு மாண்டாள். பொன்னரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நீரோ வேல் பெற்ற களிப்பில் அதிரசத்தைக் கடித்தவாறு, விளையாட்டுத்தானே அத்தை, வேறு வேடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றீர்.

வேடத்துக்கா பஞ்சம், மாப்பிள்ளை? எம் கணவர் மாய்ந்த நாள்முதல் ஒரு கையில் வாளும் மறு கையில் அரசோலையுமாய் இந்நாட்டைத் தாங்கினோம். அன்றும் சுற்றத்தார், சமாளித்துக்கொள்வார் என்னும் அச்சொல்லையே சொல்லி ஒவ்வொருவராய் விலகினர். பிறர் வாயில் கேட்டுப் பழகிய சொல்தான்; பெண் கொடுத்த இடத்தில் கேட்போம் என்று எண்ணவில்லை.

கணவாய்க் கோட்டையின் நிலைத்த தலைமையை உமக்கு அளிக்கும் இலச்சினை அன்று எம் மடியில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் தரவிருந்தோம். தராமலே வழியனுப்பினோம், ஏன் என்று ஓலைமேல் ஓலை விடுத்துக் கேட்கிறீர். காரணம் இதுவே. கணவாயின் அடியில் இருப்பவை துணியில் வரைந்த ஊர்கள் அல்ல.

ஆகவே ஆணையிடுகிறோம். வரும் முழுமதிக்கு நீர் வேடக்களத்துக்கு வருக. மறவர் வேடம் உமக்கு இல்லை. வலக்கையில் வாளும் வெறுமையான இடக்கையுமாய், இருகலையாராக அமர்க. கேடயம் தாங்கும் வேடத்தை யாம் ஏற்போம். நீர் தொட்ட அதே பகடையைத் தொட்டு, நீர் சொன்ன அதே சொல்லைச் சொல்வோம். கற்கதவையும் அந்த மின்னல் வேலையும் வேட்கோவனார் மறவாமல் வைப்பார். யாம் நிற்போமா நகர்வோமா என்பது எமக்கே இன்னும் தெரியாது.

அதுவரை இலச்சினை எம் மடியை விட்டு இறங்காது. சங்கு முத்திரை பொறித்து விடுத்தோம். வருக. வரும்போது கேடயம் கொணர வேண்டா.